குழாய் போன வழி

மால்வா தோட்டத்துக்கு யோலான்டா தலைவியானது அவள் ஆசைப்பட்டு நடந்ததல்ல. மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் பழைய தலைவர், மகளோடு இருக்க ஜெர்மனிக்குப் போகிறேன் என்று சொல்லிச் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டார். அடுத்து யார் என்று கேட்டதும் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். யோலான்டா எதையும் பார்க்கவில்லை. கடைசி வரிசையில், கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில், உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. இருட்டோடு எழுந்து அண்டா அண்டாவாகச் சூப் வைக்கிறவள் சூடான மூலையில் உட்கார்ந்தால் கண் சொக்காமல் என்ன செய்யும்? கைதட்டல் கேட்டு விழித்தபோது காரியம் முடிந்திருந்தது.

"தலைவரம்மாவுக்கு வாழ்த்துகள்!" என்று தோட்டத்தின் கீழ்ப்பாதியில் துண்டு வைத்திருக்கும் ப்ரோனெக் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். "கவலப்படாத யோலா. இந்த வேலையில கஷ்டமே கிடையாது. வசந்தத்துல தண்ணியத் தொறக்கணும், குளிர் வந்தா மூடணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா நீயே ஏத்துக்கிட்டிருக்கலாமேய்யா."

"நானா? எனக்கு வாய் நீளம். தலைவருக்கு அது ஆகாது."

ரூடா நகரத்தில் சுரங்கக் கழிவு மலைக்கும் டிராம் தண்டவாளத்துக்கும் நடுவே கிடக்கிறது மால்வா. நீளவாக்கில் சரிந்த நிலம். ஆளுக்கொரு துண்டு, துண்டுக்கொரு மரக்குடில், சுற்றி வேலிச்செடி. அடுக்குமாடியில் மூன்றாவது மாடி, நான்காவது மாடி என்று வாழ்கிற சனத்துக்குக் கால் மண்ணில் படுகிற இடம் அதுதான். எல்லாருக்கும் பொதுவாக நடுவில் ஒரு புல்தரை உண்டு. அங்கேதான் மண்டபம், நீள மேசை, தீ மூட்டிச் சாஸேஜ் சுடுகிற கல்வட்டம் எல்லாம். மேல்வாசலில் தொடங்கும் தண்ணீர்க்குழாய் மண்ணுக்கடியில் கடைசித் துண்டுவரை இறங்கிப் போகும். பனிக்காலத்தில் அதை வடித்து மூடிவிடுவார்கள், இல்லாவிட்டால் உறைந்து வெடித்துவிடும். ஏப்ரலில் திறப்பார்கள்.

அந்த வருஷம் ஏப்ரல் மழையில்லாமல் வந்தது. ஆப்பிள் பூத்துவிட்டது, செர்ரி பூத்து உதிரவே தொடங்கிவிட்டது, மண் மட்டும் சாம்பலாய்ப் பறந்தது. அதனால் தண்ணீர் திறக்கிற சனிக்கிழமை அன்று ஒரு துண்டு பாக்கியில்லாமல் எல்லாரும் வந்து அவரவர் குழாயடியில் நின்றார்கள். யோலான்டா மேல்வாசல் தொட்டிக்குள் இறங்கிப் பெரிய சக்கரத்தைத் திருகினாள். குழாய்கள் முதலில் இருமின, பிறகு துருநிறத்தில் துப்பின, அப்புறம் தெளிந்து ஓடின. மேல்பாதியில் ஒவ்வொரு வேலிக்குள்ளிருந்தும் "வந்துருச்சு!" "இங்கயும் வந்துருச்சு!" என்று குரல் கிளம்பிக் கீழே கீழே இறங்கியது. புல்தரையைத் தாண்டியதும் அந்தக் குரல் நின்றுபோனது.

"இங்க ஒண்ணையும் காணோம் தலைவரம்மா!" என்று கீழே இருந்து ப்ரோனெக் கத்தினான். "காத்துதான் வருது!"

தண்ணீர் போன இடம் தெரிய நேரமாகவில்லை. புல்தரையை ஒட்டிய அலோய்ஸின் துண்டில், நடுப்பாத்தியின் மேட்டுக்கு நடுவே, மண் குமிழிட்டுக்கொண்டிருந்தது. கீழே தலைமுறை தலைமுறையாக நிலக்கரி வெட்டியெடுத்த ஊர் அது. தரை இன்னும் உட்கார்ந்துகொண்டேயிருக்கிறது. சுவரில் விரிசல் விடும், கதவு நிலையில் மாட்டிக்கொள்ளும், குழாய் எங்காவது முறியும். யாரும் அதிசயப்படுவதில்லை. ஆனால் முறிய வேறு இடமே கிடைக்கவில்லையா என்றுதான் யோலான்டாவுக்குத் தோன்றியது.

புல்தரையையொட்டிக் குழாயில் ஒரு அடைப்புத் திருகு இருந்தது. அதைத் திருகியதும் குமிழ் அடங்கியது. மேல்பாதிக்குத் தண்ணீர் உண்டு, கீழ்ப்பாதிக்கு இல்லை. சரிசெய்ய அலோய்ஸின் பாத்தியைத் தோண்டியாக வேண்டும்.

அலோய்ஸ் எழுபது வயதுக்காரர். சுரங்கத்தில் வேலை பார்த்தபோதே சுரங்கத்து பேண்டில் டிராம்போன் ஊதியவர். அந்த நெஞ்சு இன்னும் அப்படியே இருந்தது. ஐந்து வருஷமாக மால்வாவில் அவர் யாரோடும் பேசுவதில்லை. புல்தரையில் முன்பு ஒரு லிண்டன் மரம் நின்றது. அதன் வேர் மண்டபத்துச் சுவரைப் பிளக்கிறது என்று கூட்டத்தில் ஓட்டெடுத்தார்கள். அலோய்ஸ் ஒருவர்தான் வேண்டாமென்றார், மற்ற கைகளெல்லாம் உயர்ந்தன. மரம் விழுந்த அன்று போனவர், அதற்குப் பிறகு மண்டபத்துப் படியேறவில்லை, புல்தரையில் கால் வைக்கவில்லை, தன் துண்டுக்குக்கூடச் சுற்றுப்பாதை வழியாகத்தான் வருவார்.

மரம் விழுந்த அந்த வசந்தத்தில்தான் அவர் நடுப்பாத்தியில் வெள்ளை அஸ்பாரகஸ் வைத்தார். நம் தண்ணீர்விட்டானுக்குப் பங்காளி. வேர்க்கட்டையை ஆழமாக வைத்து, மேலே மண்ணை மேடுகட்டிக் காத்திருக்க வேண்டும். வெளிச்சம் படுமுன்பே குருத்தை மண்ணுக்குள்ளேயே அறுத்தெடுப்பார்கள். முதல் சில வருஷங்களுக்குக் கத்தியே வைக்கக்கூடாது. பொறுமை இல்லாதவனுக்கு உகந்த பயிரில்லை அது. போன வருஷம் ருசிக்கு நாலு குருத்து எடுத்தார் என்றும், இந்த வருஷம்தான் வயிறாரச் சாப்பிடப் போகிறார் என்றும் வேலி தாண்டி எல்லாருக்கும் தெரியும். பேச்சு இல்லாவிட்டாலும் தோட்டத்தில் எதுவும் மறையாது.

யோலான்டா வேலியோரம் போய் நின்றபோது அவர் ஈரமான மேட்டைப் பார்த்துக்கொண்டு இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"அலோய்ஸ் ஐயா..."

"தெரியும். வந்துட்டீங்களா? எத்தன பேர் கை தூக்குனாங்க?"

"யாரும் இன்னும் தூக்கலைங்க."

"தூக்குவாங்க. தூக்கிட்டு வாங்க. மண்வெட்டியோட ஒருத்தன் இந்தக் கதவத் தாண்டுனா, அவன் காலுக்கு நான் பொறுப்பில்ல. போய்ச் சொல்லுங்க."

சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த நெஞ்சிலிருந்து வந்த குரல் தோட்டத்தின் கடைசி மூலைவரை போயிருந்தது.

அன்று மதியமே புல்தரையில் கூட்டம் கூடிவிட்டது. கீழ்ப்பாதிக்காரர்கள் காலிப் பூவாளிகளோடு வந்து நின்றார்கள். ப்ரோனெக் மேசைமேல் ஒரு காலைத் தூக்கி வைத்தான்.

"இதுல பேச என்ன இருக்கு? பொதுக்குழாய் எவன் பாத்திக்குக் கீழ போனாலும் தோண்டலாம்னு விதியிலயே இருக்கு. ஓட்டு எடு யோலா. நாளைக்குக் காலையில தோண்டிருவோம். என் ஸ்ட்ராபெரியெல்லாம் நாக்கத் தொங்கப்போட்டுக் கெடக்கு."

"ஆமாம், எடுங்க, எடுங்க" என்று பல குரல்கள்.

விதி அவர்கள் பக்கம் இருந்தது, நியாயமும் இருந்தது. மரத்துக்கும் அப்படித்தான் இருந்தது. அன்று அவளும்தான் கை தூக்கினாள். சுவர் தப்பியது, அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் கைகளை எண்ணி முடித்ததும் அலோய்ஸ் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போன விதம் அவளுக்கு நினைவு வந்தது.

"ஓட்டு எடுக்கப் போறதில்ல" என்றாள்.

"என்னது?"

"எடுத்தா நாம ஜெயிச்சிருவோம் ப்ரோனெக். அதுதான் பிரச்சன. ஜெயிச்சு, அவரு பாத்தியப் பொளந்து, தண்ணியும் வந்துரும். அப்புறம்? காலத்துக்கும் அந்த மனுஷன் வேலிக்குப் பக்கத்துல உக்காந்து நீ ஸ்ட்ராபெரி திம்பியா? தொண்டையில எறங்குமா?"

"எனக்கு நல்லாவே எறங்கும்" என்றான் ப்ரோனெக். சிலர் சிரித்தார்கள்.

"அப்ப செடியெல்லாம் சாகட்டுமா?" என்று பின்னால் ஒரு பெண் கேட்டாள்.

"சாக வேண்டாம். மேல்பாதியில தண்ணி இருக்கு. ஆளாளுக்கு ரப்பர் குழாய் இருக்கு. எல்லாத்தையும் கொண்டு வாங்க. ஒண்ணோட ஒண்ணு மாட்டுவோம். அவரு துண்ட விட்டுட்டுச் சுத்திக் கீழ கொண்டு போவோம்."

"வேலியெல்லாம் குறுக்க நிக்குதே தாயி! குழாய் என்ன பறந்தா போகும்?"

வேலி என்பது மால்வாவில் சாதாரண விஷயமில்லை. வருஷக்கணக்காக வெட்டிச் சீர்செய்து, ஆள் உயரத்துக்கு வளர்த்து வைத்தது. உள்ளே ஒருவர் அரைக்கால் சட்டையோடு படுத்துக் கிடந்தாலும் வெளியே தெரியக்கூடாது, அதற்குத்தான் வேலி. குழாய்க்கு வேண்டுமானால் அடியில் ஒரு துளை போதும். ஆனால் மூட்டுக்கு மூட்டு ஆள் போய்ப் பார்க்க வேண்டுமே. அதற்கு ஒரு ஆள் குனிந்து நுழைகிற வழி வேண்டும்.

அப்போது லாரிசா முன்னால் வந்தாள். உக்ரைனிலிருந்து வந்தவள், மருத்துவமனைத் துணிவெளுப்பில் வேலை, அலோய்ஸுக்கு அடுத்த துண்டு அவளுடையது. இரண்டு வருஷமாகத் தோட்டத்தில் இருந்தும் வணக்கத்துக்கு மேல் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"என் வேலிய வெட்டுங்க" என்றாள். "அது திரும்ப முளைக்கும். பீட்ரூட் முளைக்காது."

அதற்குப் பிறகு நடந்ததை யோலான்டா பலநாள் மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அரைமணி நேரத்தில் புல்தரையில் குழாய்கள் குவிந்தன. பச்சை, மஞ்சள், நீலம், கறுப்பு, ஒட்டுப்போட்டது, வெயிலில் வெடித்தது, ஒருவர் சுரங்கத்திலிருந்து எப்போதோ 'ஓய்வுபெற' அழைத்துவந்த தடித்த குழாய். ஒன்றின் வாய் மற்றதில் நுழையவில்லை. கம்பி கொண்டுவந்தார்கள், பழைய சைக்கிள் டியூபை அறுத்துச் சுற்றினார்கள். ஒரு கிழவர் தன் காலுறையின் மேல்பட்டையைக் கழற்றிக் கொடுத்தார், அது கடைசிவரை கசியவேயில்லை. வேலிகள் ஒன்றொன்றாகத் திறந்தன. தகரம் அடித்து அடைத்து வைத்திருந்த ஒரு முரட்டு ஆசாமி, தானே ஆணியைப் பிடுங்கித் தகரத்தைச் சாய்த்தபோது, உள்ளே இருந்த டூலிப் பூ வரிசைகளைப் பார்க்க எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். இத்தனை வருஷம் அவன் அங்கே கள்ளச்சாராயம் காய்ச்சுகிறான் என்றுதான் பேச்சு.

"இதையாய்யா ஒளிச்சு வச்சிருந்த?" என்றாள் யோலான்டா.

அவன் காது சிவந்துபோனது. "பசங்க பந்து விழும்னுதான்..."

குழாய் போன வழியெல்லாம் மனிதர்களும் போனார்கள். ஒரு வேலிக்குள் நுழைந்தால் ருபார்ப் தண்டைக் காய்ச்சிய புளிப்பினிப்புக் கம்போட் ஒரு கோப்பை, அடுத்ததில் முள்ளங்கியும் வெண்ணெயும் வைத்த ரொட்டி. ஏழெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒருவர் குடிலை ஒருவர் பார்த்திராத சனம், அன்று ஒருவர் தொட்டியில் ஒருவர் கைகழுவியது.

சாயங்காலம் மேலே தண்ணீரைத் திறந்தாள். கீழ்ப்பாதியில் ஒரு பழைய குளியல் தொட்டியை வைத்து அதன் விளிம்பில் குழாயின் முனையைப் போட்டுச் சுற்றி நின்றார்கள். வெகுநேரம் கழித்து ஒரு நூல்போலத் தண்ணீர் வந்தது.

"இது பூனை நக்கத்தான் காணும்" என்றான் ப்ரோனெக்.

அலோய்ஸின் துண்டைச் சுற்றிப் போவதற்காகக் குழாய் ஒரு மேட்டில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அந்த நீளத்திலும் மேட்டிலும் வேகமெல்லாம் செத்துப்போனது. ஆனாலும் ராத்திரி முழுக்கச் சொட்டினால் காலையில் தொட்டி பாதி நிரம்பியிருக்கும். மீதிக்கு மேல்பாதிக்காரர்கள் பீப்பாய்களை நிரப்பி வைத்தார்கள், கீழ்ப்பாதிக்காரர்கள் தூக்கிப் போனார்கள். முணுமுணுத்துக்கொண்டே அதிகம் தூக்கியவன் ப்ரோனெக்தான். தள்ளுவண்டியில் வெள்ளரி ஊறப்போடும் பீப்பாயை வைத்து, வழிநெடுகத் தலைவியையும் அலோய்ஸையும் சுரங்கத்தையும் வரிசையாகத் திட்டிக்கொண்டு, முதலில் லாரிசாவின் பீட்ரூட்டுக்கு ஊற்றிவிட்டுத்தான் தன் ஸ்ட்ராபெரிக்குப் போவான். கேட்டால், "அவ துண்டு வழியில இருக்கு, அதான்" என்பான். தள்ளுவண்டிப் பாதை அந்தப் பக்கமே போகாது. யோலான்டாவுக்கு அது தெரியும், ஆனால் அவன் மூக்கை உடைக்க மனம் வரவில்லை.

அலோய்ஸ் இதையெல்லாம் தன் குடில் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். யாரும் அவரை ஏசவில்லை, யாரும் கெஞ்சவுமில்லை. காலை வணக்கம் மட்டும் வேலிக்கு மேலாக விழுந்துகொண்டிருந்தது.

வாரத்தின் நடுவில் ஒருநாள், பள்ளிக்கூட வேலை முடிந்து யோலான்டா மேட்டின்மேல் குழாய் மூட்டு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தண்ணீர் பீய்ச்சி முகமெல்லாம் நனைந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"அது அப்பிடிக் கட்டுனா நிக்காது."

"நிக்கலைங்க. அதான் தினம் கட்டுறேன்."

அலோய்ஸ் வேலிக்கு மேலாக எட்டிக் குழாயைப் பார்த்தார்.

"என் துண்டு வழியா விட்டிருந்தா நேரா எறங்கியிருக்கும். மேடே இல்ல."

"எறங்கியிருக்கும்."

"அப்ப ஏன் வந்து கேக்கல?"

யோலான்டா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டா நீங்க முடியாதுன்னு சொல்லியாகணும் ஐயா. சொல்லிட்டா அப்புறம் அதக் காப்பாத்தியாகணும். எதுக்கு உங்களுக்கு அந்தக் கஷ்டம்னு விட்டுட்டேன்."

அலோய்ஸ் அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு அவர் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. சிரிப்பென்று புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் போய்க் கதவின் கொக்கியைத் தட்டினார். துருப்பிடித்திருந்தது, இரண்டு அடி அடித்த பிறகுதான் கழன்றது.

"கொண்டாங்க இங்க. பாத்திமேல மட்டும் மிதிச்சிராதீங்க."

அன்று மாலை குளியல் தொட்டி நிரம்பி வழிந்தது. கீழ்ப்பாதியில் கிழவிகள்கூடக் கைதட்டினார்கள்.

குழாய் போன பிறகு ஆள் போகாமல் இருக்குமா? மூட்டுப் பார்க்க, முடிச்சு இறுக்க என்று ஒவ்வொருவராக அலோய்ஸின் துண்டுக்குள் நுழைந்தார்கள். மேட்டுக்கு நடுவே இருந்த ஒற்றையடித் தடத்தில் கம்பியில் நடப்பவர்கள்போல நடந்தார்கள். ப்ரோனெக் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் காலுறையோடு வந்தான்.

"இது என்ன கோயிலா? பூட்ஸ எதுக்குக் கழட்டுற?" என்றார் அலோய்ஸ். ஐந்து வருஷத்தில் அவனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

"என் கால் பெருசு பெரியவரே. பூட்ஸ் அதவிடப் பெருசு. உங்க பயிர்ல பட்டுச்சுன்னா அந்த டிராம்போனத் தூக்கி என் தலையில அடிப்பீங்க."

"டிராம்போன் நெளிஞ்சுரும். அடிக்க மாட்டேன்."

சனிக்கிழமை வந்தது. மேட்டு மண்ணில் அங்கங்கே மயிரிழை விரிசல் விட்டது. குருத்து கிளம்புகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அலோய்ஸ் காலையில் நெடுநேரம் அந்த விரிசல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். யோலான்டா மண்டபத்து ஜன்னலிலிருந்து அதைக் கண்டாள். பிறகு அவர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார், கதவைத் திறந்தார், சுற்றுப்பாதைப் பக்கம் திரும்பாமல் நேராகப் புல்தரையில் கால் வைத்து நடந்து வந்தார். மேசையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இன்னிக்கித் தோண்டணும்" என்றார். "இன்னிக்கி, இல்லேன்னா நாளைக்கு. குருத்து மேல வந்துட்டா வேர எடுத்து வேற எடத்துல வைக்க முடியாது. இப்ப எடுத்தா பொழைக்கும்."

"ஐயா, உங்களுக்கு இந்த வருஷத்து அறுவடை..." என்று யோலான்டா தொடங்கினாள்.

"போகட்டும். அடுத்த வருஷமும் போச்சுதான். வேர நகத்துனா மறுபடி காத்திருக்கணும். எனக்குக் காத்திருக்கத் தெரியும். அந்தப் பொண்ணு வாளி தூக்கித் தூக்கித் தோள் ஒரு பக்கம் சாஞ்சுபோச்சு, அதப் பாத்துக்கிட்டு உக்காந்து அஸ்பாரகஸ் திங்கத் தெரியாது."

லாரிசா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க வைக்கிறது?" என்று யாரோ கேட்டார்கள். "ஆளுக்கொரு வேர் எடுத்துக்கிட்டுப் போய் எங்க துண்டுல வச்சுப் பாத்துக்கிறோமே, ஐயா."

"உங்ககிட்டயா?" அலோய்ஸ் சுற்றிப் பார்த்தார். "இவன் நிழல்ல வைப்பான். அவ களைன்னு நெனச்சுப் புடுங்கிருவா. ப்ரோனெக் பீர் ஊத்துவான். என் துண்டுலயும் மீதி எடமெல்லாம் மரநிழல். இதுக்கு வெயில் வேணும், ஆழமான மண் வேணும்." அவர் கை நீண்டது. லிண்டன் நின்ற இடத்தில், மண்டபத்துக்குத் தெற்கே, வெயில் முழுசாக விழுந்துகொண்டிருந்தது. "அங்க வைக்கலாம்."

"அது பொது எடமாச்சே" என்றார் ஒருவர்.

"அதத்தான் சொல்றேன். அப்ப எனக்கும் அதுல பங்கு இருக்குல்ல?"

ப்ரோனெக் முன்னால் வந்தான். "ஒரு நிமிஷம். அங்கதான சாஸேஜ் சுடுற கல்வட்டம் இருக்கு! அத எங்க கொண்டு போறது? இதுக்காவது ஓட்டு எடுக்கணும் தலைவரம்மா."

"எடுங்க" என்றார் அலோய்ஸ்.

யோலான்டா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மெய்யாகவே சொன்னார். "சரி. பெரியவரோட பாத்தி இங்க வரட்டும்னு நினைக்கிறவங்க?"

கைகள் எழுந்தன. மண் ஒட்டிய கைகள், கையுறை போட்டவை, ரொட்டிக்கத்தி பிடித்த ஒன்று. அலோய்ஸும் தன் கையைத் தூக்கியிருந்தார். ப்ரோனெக் மட்டும் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். "எதிர்த்து ஒரு ஓட்டாவது இருக்கணும். இல்லேன்னா கூட்டத்துக்கு மரியாத இல்ல" என்றான். சொல்லிவிட்டு, முதல் கல்லை அவன்தான் போய்ப் பெயர்த்தான்.

தோண்டுகிற வேலைக்கு அலோய்ஸ் மண்வெட்டியை அனுமதிக்கவில்லை. மண்ணைக் கிளறும் கவைமுள் மட்டும்தான், அதுவும் ஓரத்திலிருந்து. மேடு கரையக் கரைய வேர்க்கட்டைகள் வெளிப்பட்டன. நடுவில் ஒரு முடிச்சு, அதிலிருந்து எல்லாப் பக்கமும் வெள்ளை வெள்ளையாக நீண்ட வேர்கள். இரண்டு கையாலும் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தி ஈரச் சாக்கில் கிடத்தினார்கள். மேல்பாதி, கீழ்ப்பாதி என்ற பேச்சே அன்று இல்லை. புல்தரையில் ஒரு கூட்டம் இடுப்பளவு பள்ளம் வெட்டியது, இன்னொரு கூட்டம் மக்கிய குதிரைச் சாணத்தைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டியது. டூலிப் ஆசாமி மண்ணைச் சல்லடையில் சலித்தான். அலோய்ஸ் பள்ளத்துக்குள் மண்டியிட்டு, ஒவ்வொரு வேரையும் தலைவாரிவிடுகிறவர்போல விரல்களால் பிரித்துப் பரத்தினார். எதிரில் லாரிசா மண்டியிட்டு அவர் செய்வதைப் பார்த்து அதேமாதிரி செய்தாள். இருவரும் அதிகம் பேசவில்லை. ஒருமுறை மட்டும் அவர், "உங்க ஊர்ல இது உண்டா?" என்று கேட்டார்.

"காட்டுல தானா வளரும். யாரும் திங்க மாட்டாங்க. ஆட்டுக்குத்தான்."

"ஆட்டுக்கா!" என்று அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

அலோய்ஸின் துண்டில் குழாய் வெளியே தெரிந்தது. நிலம் இறங்கியதில் ஒரு மூட்டு விலகி உடைந்திருந்தது. புது மூட்டுப் போட்டு மண்ணைத் தள்ளி மூடினார்கள். யோலான்டா அடைப்பைத் திருப்பியதும் கீழ்ப்பாதியில் குழாய்கள் இருமுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. யாரும் கத்தவில்லை. எல்லாரும் களைத்துப் போயிருந்தார்கள். நீள மேசையில் ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் வந்தன. புதிதாகப் போட்ட கல்வட்டத்தில் ப்ரோனெக் சாஸேஜ் சுட்டான். புகை மண்டபத்துக்குள் போகிறது, பழைய இடம்தான் சரி என்று ஒவ்வொருவர் தட்டிலும் வைக்கும்போது சொல்லிச் சொல்லி வைத்தான். அலோய்ஸ் மேசையின் கோடியில் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். யோலான்டா அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்கத் திட்டியபடியே தண்ணீர் தூக்கிய முகங்கள். தான் சமைக்காத உணவை, மற்றவர் பரிமாற உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்கு வாய்ப்பது அபூர்வம். அன்று சாஸேஜ் கருகித்தான் போயிருந்தது. ஆனாலும் இவ்வளவு நன்றாகச் சாப்பிட்டு நாளாயிற்று என்று நினைத்தாள்.

ரப்பர் குழாய்களை மறுநாள் கழற்றி அவரவர் எடுத்துப் போனார்கள். வேலியில் வெட்டிய வழிகளை அடைக்க வேண்டுமென்று எல்லாரும் சொன்னார்கள், யாரும் அடைக்கவில்லை. கோடையில் அவற்றின் ஓரம் புல் தேய்ந்து தடமானது. சிலர் அங்கே சின்னக் கதவு போட்டார்கள், தாழ்ப்பாள் போடவில்லை. கீழ்ப்பாதிக்காரர்கள் டிராமுக்குப் போகும் குறுக்குவழி இப்போது அலோய்ஸின் துண்டு வழியாகத்தான். போகிறவர்களை நிறுத்தி நாலு கேள்வி கேட்காமல் அவர் விடுவதில்லை, அதனால் பலர் டிராமைத் தவறவிடுகிறார்கள்.

புல்தரைப் பாத்தியை இரண்டு வசந்தம் யாரும் தொடவில்லை. பந்து உருண்டு அதில் விழுந்தால்கூட ஆட்டம் நிற்கும், பெரியவர் வந்து எடுத்துத் தருவார். கோடையில் இறகுபோன்ற பச்சை அங்கே ஆள் உயரம் நின்று அசையும். மூன்றாம் வசந்தம், மே மாத ஞாயிறு ஒன்றில், அலோய்ஸ் நீளக் கத்தியைக் கொண்டுவந்தார். விரிசல் பார்த்து, விரலால் மண்ணை விலக்கி, உள்ளே எவ்வளவு தூரம் கத்தியை விடுவது என்று ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொடுத்தார். ஒவ்வொருவரும் அறுத்தார்கள். ஆளுக்கு நாலைந்து குருத்துத்தான் வந்தது.

யோலான்டா பள்ளிக்கூடத்துப் பெரிய பாத்திரத்தை இரவல் வாங்கி வந்திருந்தாள். வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளைத் தூவி மேசையில் வைத்தாள். அலோய்ஸ் ஒரு குருத்தை எடுத்துக் கடித்து, மென்று, கண்ணை மூடினார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"கொழஞ்சிருச்சு" என்றார்.

"கொழையலைங்க!"

"கொழஞ்சிருச்சு யோலா. பள்ளிக்கூடத்துச் சூப் இல்ல இது. தண்ணி கொதிச்சதும் போட்டு, அங்கயே நின்னு பாக்கணும்."

"அடுத்த வாரம் நீங்களே வந்து அடுப்புகிட்ட நில்லுங்க."

"நிக்கிறேன்."

லாரிசா தன் துண்டிலிருந்து ஒரு கை சோயிக்கீரை, அதாவது சதகுப்பைத் தழை, கிள்ளி வந்து தட்டுகளின்மேல் நறுக்கித் தூவினாள். அலோய்ஸ் பதறித் தன் தட்டைக் கையால் மறைத்தார். "அய்யய்யோ, இதுமேல சோயியா? யாராவது போடுவாங்களா?"

"எங்க ஊர்ல எல்லாத்துமேலயும் போடுவோம்" என்று அவர் விரலிடுக்கு வழியாகவே தூவிவிட்டுப் போனாள்.

அவர் தட்டை முறைத்துப் பார்த்தார். சோயியை விரலால் ஒதுக்கினார். கொஞ்சம் தின்றார், ஒதுக்கியதையும் சேர்த்துத் தின்றார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ப்ரோனெக்கின் தட்டிலிருந்து இன்னொரு குருத்தை எடுத்துக்கொண்டார்.